சுவருக்கு அந்தப் பக்கம்

“எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும் திட்டக் கூடாது சார். திட்டினா, வந்ததுக்குத்தான் திட்டுறீங்கன்னு அது நினைச்சுக்கும். போனதெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்காது.”

நாய்க்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பரிசோதகர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் கணக்கில் உலகத்தில் பாதிப் பேர் டிக்கெட் இல்லாதவர்கள். மீதிப் பேர் பழைய டிக்கெட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள்.

வாலு என்கிற இந்தக் குட்டியைக் கொண்டுவந்தது அவர் மனைவி. தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்றாள். எந்தத் தெரிந்தவர்கள் என்று கேட்டதற்கு, உங்களுக்குத் தெரியாதவர்கள் என்று பதில் வந்தது. பயிற்சிக்கு ஆள் பிடித்ததும் அவளே. வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பந்தை அவர்தான் எறிய வேண்டும், அவர்தான் கூப்பிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவருக்கு அப்போதே பட்டது.

பந்தை எறிந்தால் வாலு ஓடும், கவ்வும். திரும்பி மட்டும் வராது. மைதானத்தின் கோடியில் பாதி இடிந்த சுவர் ஒன்று உண்டு. அதில் இருந்த பிளவு வழியாகப் பந்தோடு அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போதுதான் வரும்.

போய்ப் பார்க்கிறேன் என்று அவர் கிளம்பினால் பயிற்சிக்காரி விடமாட்டாள். துரத்தினால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடுமாம். நின்ற இடத்திலேயே நின்று கூப்பிட வேண்டுமாம். வந்ததும் தட்டிக் கொடுக்க வேண்டுமாம். நாய்க்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை என்று முணுமுணுத்தார்.

முதல் நாள் வாலு ஆடி அசைந்து வந்தபோது அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எங்கடா போன இவ்வளவு நேரம்? இது வீடா, சத்திரமா?”

அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். குட்டி பந்தைப் போட்டுவிட்டு மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது. மனைவி நாயைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். அவள் கண் போன திசையை அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

மகள் வீட்டை விட்டுப் போனதிலிருந்தே மனைவி அவரிடம் அளந்துதான் பேசுகிறாள். வேலை முடிந்து நேரம் கழித்து வந்த மகளை அன்று அவர் வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்டார். அவள் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டாள். தோழி வீட்டில் இருக்கிறாளாம். பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று இன்றைக்கும் கேட்பார். ஆனால் அவள் அறையைத் தாண்டும்போது மட்டும் நடையை எட்டிப் போடுவார். அவள் வந்தால் போதும் என்றுதான் இருந்தது. போய்க் கூப்பிட வாய் வரவில்லை.

நாளாக ஆக, சந்தேகம் வலுத்தது. அந்தப் பக்கம் போய்விட்டு வரும் வாலுவின் மூக்கில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. சேற்றில் ஓடிய கால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நாய் தன் காலைத் தானே துடைத்துக்கொள்ளுமா? யாரோ தீனி போட்டுப் பழக்குகிறார்கள், ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், பயிற்சிக்காரியும் இதற்கு உடந்தை என்று மனைவியிடம் சொன்னார். வேலையை விட்டாலும் டிக்கெட் கேட்கிற புத்தி உங்களை விடவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருக்கப் பழகினார். சில நாள் முடிந்தது. சில நாள் பாதியில் வாய் திறந்துகொண்டது.

அன்று மாலை வாலு போனது போனதுதான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

“ஏம்மா, உண்மையைச் சொல்லு. அங்க நிக்கிறது யாரு? உன் ஆளா?”

“கூப்பிடுங்க சார்” என்றாள் பயிற்சிக்காரி.

அவர் சுவரை நோக்கி ஓடப் பார்த்தார். “ஏங்க, போகாதீங்க” என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்தும் விடவில்லை. அவருக்குச் சந்தேகம் போய்ப் பயம் வந்துவிட்டது. இதுவும் போய்விட்டதா? முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார்.

“வாலு, வந்துடுடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

பிளவில் ஒரு மூக்கு தெரிந்தது. அப்புறம் காது. வாலு ஓடி வந்தது, வாயில் பந்துகூட இல்லை. பழக்க தோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். குட்டியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

“வந்துட்டியா. சரி, வந்துட்டியே. அது போதும்.”

அவர் நிமிர்ந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள். சுவரின் பிளவு வழியாகக் குனிந்து வெளியே வந்தாள் அவர் மகள், கையில் பந்தோடு. சற்றுத் தள்ளியே நின்றுகொண்டாள்.

“வாலு அப்பவே வரப் பாத்துச்சுப்பா. நான்தான் தினமும் பிடிச்சு வச்சுக்கிட்டு, லேட்டா வந்தா நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டுட்டிருந்தேன்.”