குல்லாய் போட்ட குழவி

பழனாத்தாள் அம்மிக்குழவிக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தாள். பழந்துணியைச் சுற்றி, மகனின் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டதும் கல்லுக்கே ஒரு களை வந்துவிட்டது. மகனோ வீட்டில், மாமியார் முத்தாத்தாளின் மடியில்.

கல்லை லாரிக்கு அடியில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடத்தி, மெல்ல ஆட்டினாள்.

கால்வாய் காண்ட்ராக்டர் நொடித்துப்போய், எருத்தேன்பதியில் அவருடைய சாமான்களைக் கோர்ட் ஆமீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். கலவை மிஷின் போயிற்று. தண்ணி டேங்கர் போயிற்று. மிச்சம் இந்த லாரி. அவள் புருசன் கருப்புசாமி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டிய வண்டி. வேலை போன கூட்டாளிகளோடு சேர்ந்து, ஆடு மாடு விற்று, அதை எடுக்க வந்திருந்தான்.

எதிரே சிக்கந்தர் ராவுத்தர். பாலக்காட்டுப் பழைய இரும்பு வியாபாரி. அவர் கைக்குப் போன வண்டி நட்டு நட்டாகத்தான் வெளியே வரும். அவர் ஏலம் கேட்டால் இவர்கள் காசு எட்டாது. ஆனால் பார்வை மங்கியவர்; எஞ்சின் சத்தம் கேட்காமல் வாய் திறக்கமாட்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

"புள்ள தூங்குதுங்க." ஆம்பளைகள் முன்னால் பேசியே பழகாதவளுக்குக் குரல் நடுங்கியது. "ராத்திரி பூரா காய்ச்சலுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க."

"லாரிக்கு அடியில தொட்டிலா? நல்ல தாய்தான் போ" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இங்க வேற நெழலு ஏதுங்க?"

"குட்டியை எடுத்து மாத்து. எனக்கு வேற ஸ்தலத்துக்குப் போகணும்" என்று ஆமீன் சலித்துக்கொண்டார்.

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். தொட்டிலுக்குள் கையை விட்டார். கருப்புசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

நிமிர்ந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"காய்ச்சல் எறங்கிருச்சு அம்மிணி. ஒடம்பு சில்லுன்னு இருக்கு. எழுப்பாத."

"அப்போ வண்டி?" என்றார் ஆமீன்.

"சத்தம் கேக்காத வண்டி எனக்கு வேணாம்." குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

ராவுத்தர் வேண்டாமென்ற வண்டியை வேறு யார் கேட்பார்கள்? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். லாரி கருப்புசாமி கூட்டத்துக்கு. கூட்டாளிகள் வண்டியில் தொற்றி ஏறி, பலகையில் தாளம் போட்டார்கள்.

"கண்ணு தெரியாத மனுசன நல்லா ஏமாத்திப்போட்ட புள்ள. கல்லுக்குக் காய்ச்சல் பாத்துட்டுப் போறாரு" என்று சிரித்தான் கருப்புசாமி.

பழனாத்தாளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே தொட்டிலை அவிழ்க்கக் குனிந்து, கல்லைத் தூக்கினாள்.

அடியில் ஒரு வெள்ளி ரூபாய்.

பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. ஆனால் கல்லைத் தூக்காமல் அந்த இடத்தில் காசு வைக்க முடியாது.

"ஏனுங்க, அவரு தெரிஞ்சேதானுங்க நம்மளுக்கு..."

"பழனாத்தா, வண்டி பொறப்படுது, வெரசா ஏறு."