பால் பவுடர் ஒரு டப்பா

மகளுக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையை இரண்டு வருடமாகக் கட்டாததால், சுகன் எதை வாங்கினாலும் முன்னாள் மனைவி மிருதுளாவின் சம்மதம் வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. டீயோ சட்டையோ, அவன் பணம் கட்டப் போனாலே அவளுடைய போன் கேட்கும்: 'அனுமதிக்கலாமா?'

ஆரம்பத்தில் பீருக்கும் சினிமாவுக்கும் 'வேண்டாம்' போட்டபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது. போகப்போகச் சலித்துவிட்டது. விட்டுவிட்டு வந்தவனோடு மறுபடியும் குடித்தனம் நடத்துவதுபோல, அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பதுகூடத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் கேட்டது: கைக்குழந்தைக்கான பால் பவுடர், ஒரு டப்பா.

அவனுக்கு இன்னொரு குழந்தை இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. விரல் 'வேண்டாம்' பக்கம் போனது.

பத்து வயது மகள் நிலானி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பாப்பாவுக்காச்சும் அப்பா வாங்கிக் குடுக்கட்டும்மா."

மிருதுளா 'சரி' போட்டாள்.

சற்று நேரத்தில் சுகனே அழைத்தான். "வேண்டாம்னு போட்டுருவியோன்னு பயந்துட்டேன், மிருது."

"போட்டுருப்பேன். உங்க பொண்ணுதான் குடுக்கச் சொன்னா."

"அவகிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?" என்றான்.

மிருதுளா போனை நீட்டினாள். நிலானி வாங்கவில்லை.

"பாப்பா பசியோட இருக்கும். போய்ப் பாலைக் கலக்கச் சொல்லும்மா."