முறிந்த டிரம் குச்சி

மருத்துவமனை நிதிக்கான ஏலத்தில், விளக்கொளியில் கிடக்கிறது அந்த முறிந்த டிரம் குச்சி. பிரபல ராக் குழு ஒன்றின் டிரம்மர் தன் கடைசிக் கச்சேரியில் முறித்தது. அதன் உடலெங்கும் சிம்பல் தட்டுகள் கடித்த தழும்புகள். முன்வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் முதல் ஆளாக ஐந்நூறு கேட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போட்டிக்கு ஒருவரும் இல்லை. பின்னால் யாரோ கொட்டாவி விடுகிறார்கள். "ஐநூறு ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஓட்டுநரின் முகம் சுண்டிப்போகிறது. மறுபடியும் கையைத் தூக்குகிறார். "ஆயிரம்!" அரங்கமே சிரிக்கிறது. "சார், நீங்க கேட்டதுதான் நிக்குது. உங்களுக்கு நீங்களே போட்டியா?" என்கிறார் ஏலம் விடுபவர். "தெரியும்ங்க. அவரு வாசிச்ச குச்சி வெறும் ஐநூறுக்குப் போச்சுன்னா மனசு ஆறாது." பக்கத்தில் ஓட்டுநரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மனைவி பிடியை விடுகிறாள். சிரித்தவர்களைத் திரும்பி ஒரு முறை முறைக்கிறாள். பிறகு தன் கையைத் தூக்குகிறாள். "ஆயிரத்து ஐநூறு."