ஈயம் ஆறட்டும்

ஜீப் வந்து நின்றபோது ராணியம்மாள் வாசல் தாழ்வாரத்தில் குண்டு வார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று செங்கல் அடுப்பு. காய்ந்த மரவள்ளிக் குச்சி எரிந்தது. மேலே ஓர் இரும்புக் கரண்டியில், பழைய லாரி பேட்டரியை உடைத்து எடுத்த ஈயம் உருகிக் கிடந்தது.

தூரத்திலிருந்து பார்க்க ஏதோ தாளிப்பதுபோல இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அப்படித்தான் நினைத்தார். ஏட்டு அய்யனார்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அது துப்பாக்கிக் குண்டு சார்" என்றார்.

அவர்கள் வந்தது அதற்கு அல்ல. அவள் மகன் தீனதயாளனைப் பிடிக்க.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரம் வரை சாலையில் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. மரம் அறுத்தவர்களில் தீனதயாளனும் ஒருவன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பிடித்துக்கொண்டு போன பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"உன் பையன் எங்க?"

"ஈயம் ஆறட்டும் சார். கிட்ட வராதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் மூஞ்சில தெறிக்கும்."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டரின் தொப்பி சொட்டியது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

அவள் ஈயத்தை அச்சில் ஊற்றினாள். கத்தரிக்கோல்போலத் திறந்து மூடும் அச்சு. கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். சுண்டுவிரல் நுனிப் பருமனில் ஒரு குண்டு, முறத்தில் பரப்பிய தவிட்டின் மேல் விழுந்தது. தவிடு கருகி வாசனை வந்தது.

மறுபடி ஊற்றினாள்.

போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முறத்துக்குப் பக்கத்தில், மடித்த சாக்கின் மேல், கைத்துப்பாக்கி இருந்தது. அவள் புருஷன் செல்லமுத்துவினுடையது. நின்ற இடத்தில் காட்டுப்பன்றியைச் சாய்க்கும். சுட்டால் மணிக்கட்டு இரண்டு நாள் வலிக்கும் என்று அவர் சொல்வார். லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது; அவர் இறந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப் பார்த்தார். அவர் இடுப்பில் இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

"இது யாரைச் சுட?"

"பன்னிங்கள."

கரண்டியை அடுப்பில் வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"யார் வந்தாலும்தான்."

அய்யனார் தலையைக் குனிந்துகொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அந்த வாரம் முழுக்கக் கிடைத்தவை கோடாலி, ரம்பம், ஆளில்லாத ஒரு சைக்கிள். பையன் கிடைத்தால் ஒரு பையன். இது துப்பாக்கி. கூடவே குண்டு. வார்க்கும்போதே கையும் களவுமாக.

வெடிமருந்து எங்கே, தோட்டா எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பெண் போலீஸ் இல்லாமல் பொம்பளையை எப்படி ஏற்றுவது என்று அய்யனார் இழுத்தார். ரோடே இல்லாதபோது பெண் போலீசுக்கு நான் எங்கே போவேன் என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அடுப்பு அணைக்கப்பட்டது. முறத்தோடு குண்டுகள் ஜீப்பில் ஏறின. அச்சு ஏறியது. ஆறி இறுகிய ஈயத்தோடு கரண்டியும் ஏறியது.

"வூட்டப் பூட்டிட்டு வந்துடறேன் சார்."

"நீ ஏறு. யோவ், நீ போய்ப் பூட்டுய்யா."

அய்யனார் போனார். கதவை இழுப்பதற்கு முன் பழக்க தோஷத்தில் உள்ளே ஒருமுறை பார்த்தார்.

மரவள்ளி மூட்டைகளுக்குப் பின்னால் தீனதயாளன் உட்கார்ந்திருந்தான். அறுத்த மரத்தின் கிளை விழுந்து கால் உடைந்திருந்தது. மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஓட முடியாது. எழக்கூட முடியாது. ஒரு துணியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அய்யனார் கதவைச் சாத்தினார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து சாவியை ராணியம்மாளிடம் கொடுத்தார்.

"உள்ள யாரும் இல்ல சார்" என்றார்.

அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று இருட்டியதும் ஊர்க்காரர்கள் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி, தீனதயாளனை டோலி கட்டி வெள்ளிமலைப் பக்கம் தூக்கிப்போனார்கள். ராணியம்மாள் ஜெயிலிலிருந்து வருவதற்குள் அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். அதெல்லாம் பிறகு.

அப்போது ஜீப் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அய்யனார் முறத்திலிருந்து ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதில் பாதிதான் இருந்தது.

குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இத எப்பம்மா கத்துக்கின?"

ராணியம்மாள் கொப்புளித்திருந்த விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"காலையிலதாங்க. நீங்கள்லாம் ஏரிக்கரைச் சேத்துல ஜீப்பத் தள்ளிக்கினு இருந்தீங்களே, அப்ப."