ஆலோசகர் வந்த பகல்

கத்தரீனாள் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

அறையிலிருந்த மற்ற இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சித்திரபுரத்தில், மின்வாரிய லைன்மேன் சுருளிவேலுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸின் சமையலறை அது. அங்கே சோறு பொங்குவது எப்போதோ நின்றுவிட்டது. குக்கரில் கிருமி போக வேகிறதெல்லாம் குப்பிகள்தான். அவர் மனைவி முத்துப்பேச்சி பின்வாசலில் கல் கூட்டிச் சமைத்தாள்.

ஏலக்கன்று வளர்த்து விற்கத் தொடங்கியிருந்த கம்பெனிக்குச் சுருளிவேல் செயலாளர். தலைவி சந்தனமேரி.

பி.எஸ்ஸி. முடித்து எஸ்டேட் பள்ளியில் வேலை பார்த்தவள் அவள். எழுபத்தேழாம் வருடம் நோய் வந்து ஏலத்தோட்டங்கள் வரிசை வரிசையாகக் காய்ந்ததைப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள். நோயில்லாத செடியின் குருத்தில் கடுகளவு வெட்டி, குப்பிக்குள் ஊட்டச்சத்துக் கூழில் வைத்தால் ஒன்று பலவாகும் என்று எங்கோ படித்திருந்தாள். கம்பெனியின் மூலதனம் அது ஒன்றுதான்.

வைத்த குப்பியெல்லாம் பூசணம் பூத்தது.

இந்த ஒன்றில் மட்டும் பச்சை தெரிந்தது.

அது செடியா, பாசியா என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. கத்தரீனாளுக்குத் தெரியும். மதுரைக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியை. கடிதத்தில்தான் பழக்கம், நேரில் பார்ப்பது இன்றைக்குத்தான். கம்பெனி நோட்டீஸில் ஆலோசகர் என்று அவர் பெயர் இருந்தால் ஏலத்தோட்ட முதலாளிகள் வாசலில் நிறுத்திப் பேசவாவது செய்வார்கள்.

பாசி என்று சொல்லிவிட்டால், சமையலறையை முத்துப்பேச்சியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அப்படித்தான் அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கத்தரீனாள் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டார்.

மலைப்பாதையில் பஸ் ஆட்டிய ஆட்டம் என்று நினைத்துக்கொண்டாள் சந்தனமேரி.

"என்ன டீச்சர், பாசிதானா?"

கத்தரீனாள் குப்பியைச் சாய்த்து அடிப்பக்கம் பார்த்தார். கூழுக்குள் வெள்ளையாக நூல் மாதிரி ஏதோ ஓடியிருந்தது.

"இதுல எத்தன குருத்து வச்சீங்க மேரி?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"இங்க நாலு நிக்குது. வேரும் விட்டிருக்கு."

சுருளிவேல் போட்ட கூச்சலில் முத்துப்பேச்சி அகப்பையோடு ஓடிவந்தாள்.

"என்னாச்சு? கரண்டு கிரண்டு அடிச்சிருச்சா?"

"செடி புள்ள! செடி!" அவள் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினார் சுருளிவேல். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. ஒரு பொட்டுத் தூசி விழுந்தாலே சத்தம் போடுகிற சந்தனமேரி, அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு பதினாறாகும், பதினாறு அறுபத்து நாலாகும் என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஒரு மலை முழுக்க ஏலம் அவள் கண்ணில் நின்றது.

பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப ஆலோசகர்னு ஒங்க பேரப் போட்டுக்கிடலாமா டீச்சர்?"

"வேண்டாம்."

சிரிப்பு நின்றது. சுருளிவேல் அகப்பையை மெல்லக் கீழே இறக்கினார்.

"ஆலோசகர்னா தூரத்துல இருந்து யோசனை சொல்றவங்க. ஒங்களுக்கு இங்கயே ஆள் வேணும்" என்றார் கத்தரீனாள். "பஸ் நிக்கிற டீக்கடையில என் பெட்டி, படுக்கை, ரெண்டு மூட்டை புஸ்தகம் கெடக்கு. யாராச்சும் கூட வந்தா தூக்கிட்டு வந்துரலாம்."

"லீவு போட்டுட்டா வந்தீங்க?"

"லீவு இல்ல. வேலைய விட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

சந்தனமேரிக்குப் புரியச் சற்று நேரமானது. குப்பியை அவர் பார்த்ததே இப்போதுதான்.

"பாசியா இருந்திருந்தா என்ன டீச்சர் பண்ணியிருப்பீங்க?"

"வழி நெடுக அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன்" என்றார் கத்தரீனாள்.