புழுப் பண்ணைத் தவிடு

ரேஷனில் பருப்புக்குப் பதிலாகப் புழுக்களை அரைத்த மாவு வந்த பிறகு, ஊர் ஆலைகளின் தவிடெல்லாம் புழுக்களுக்குத் தீனியாகப் புழுப் பண்ணைக்கே போனது. தீனியில்லாமல் தன் எருமை செத்துக் கிடந்ததைக் கண்ட வெள்ளையம்மா, அருவாளோடு கொழுந்தன் நாச்சிமுத்துவின் பண்ணைக்குள் நுழைந்தாள். அடுக்கியிருந்த தட்டுகளை வெட்டிச் சரித்தாள். புழுக்கள் தரையெங்கும் கொட்டின. தடுக்க வந்தவன் கையிலும் வெட்டு விழுந்தது. ரத்தம் சொட்டியும் அவன் காயத்தைப் பொத்தாமல், குனிந்து புழுக்களை அள்ளினான்.

“மிதிச்சிராதீங்க அண்ணி! நாளைக்கு உங்க மக திங்கறதுக்கும் வேற ஒண்ணும் கெடையாது.”

அவள் தூக்கிய கால் அப்படியே நின்றது. மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது.

“என் எருமைக்கும் வேற ஒண்ணும் கெடையாதுடா!” என்று கதறிக்கொண்டே அத்தனையையும் மிதித்துத் துவைத்தாள்.