பிஸ்தாவின் கோபம்

வளர்ப்பு நாய் பிஸ்தா கூரியர்காரரைக் கடித்துவிட்டது. இன்னொரு முறை கடித்தால் மாநகராட்சி அதைக் கொண்டுபோய்விடும் என்பதால், ஷகீலா இரண்டு நாய்ப் பயிற்சியாளர்களை வரவழைத்தாள்.

முதலாமவர், பிஸ்தா அணிந்திருந்த, நாயின் மனதைப் பேச்சாக்கும் கழுத்துப்பட்டை சொல்வதை மட்டும் கேட்டார்.

"கோபமாக இருக்கிறேன்," என்றது பட்டை. தினமும் அதைக் கேட்டு ஷகீலா பிஸ்தாவை அதட்டிவந்தாள்.

"ஒரே வாரத்துல அடக்கிடலாம்மா," என்றார் அவர்.

அடுத்து வந்த எழிலரசி பட்டையைக் கழற்றிவிட்டு, பிஸ்தா படுத்து எழுவதையே வெகுநேரம் பார்த்தாள்.

"இடுப்பு வலிக்குதுக்கா. பயிற்சி அப்புறம். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

"வலிக்குதுன்னு இந்தப் பட்டை சொன்னதே இல்லையே?"

"பட்டைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எக்ஸ்ரேயில் மூட்டு தேய்ந்திருந்தது. ஷகீலா எழிலரசியையே அமர்த்திக்கொண்டாள். பட்டையை மறுபடி மாட்டவில்லை.

ஒத்தடம் கொடுக்கையில் பிஸ்தா மெல்ல உறுமியது.

"சரிடா, கைய எடுத்துட்டேன்," என்றாள் ஷகீலா.